கடைசி வரிக்கு யாரும் வரவில்லை

தலையணைக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கூத்து, அவளுடைய பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. சின்ன வயதில் பிரஷ் வாயில் இருக்க, குளியலறைச் சுவரில் சாய்ந்து தூங்கியவள். பள்ளிக்கூட வேனில் இறங்காமல் தூங்கி, டிரைவர் வீடு வரைக்கும் போய், அவர் மனைவி கொடுத்த பாலைக் குடித்துவிட்டு அங்கேயும் ஒரு தூக்கம் போட்டவள். அண்ணன் வைத்த பெயர் அது. நாற்பதைத் தொடப்போகிற வயதிலும் வீட்டில் அதையே சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தூக்கம் அவளை விட்டுப் போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போவேனா என்கிறது.

போனதற்குக் காரணம் உண்டு. அம்மா படுத்த படுக்கையாக இரண்டு வருடம் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கிடந்தாள். பேச்சு நின்றுபோயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைத்திருந்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் அம்மா டம்ளரில் ஒரு தட்டு தட்டுவாள். டிங். மகள் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடுவாள். ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுக்குக் கண் அசந்துவிட்டது. பத்து நிமிஷம்தான். விழித்தபோது ஸ்பூன் தரையில் கிடந்தது, அம்மாவுக்கு மூச்சு இல்லை. அம்மா தட்டினாளா, தட்டி இவள் எழவில்லையா, இல்லை ஸ்பூன் தானாகத்தான் நழுவியதா? சொல்வதற்கு ஆள் கிடையாது. அன்றிலிருந்து கண்ணை மூடி நாலு மூச்சு விட்டால் போதும், காதுக்குள் அந்த டிங் கேட்கும். எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த அறையில் இப்போது பஞ்சு மூட்டைகள்தான் இருக்கின்றன, அவளுக்கும் அது தெரியும், இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

கடை அண்ணனுடையது என்று பெயர்ப்பலகை சொல்லும். நிஜத்தில் அது அண்ணியுடையது. அண்ணன் பஞ்சு ஏற்றவும் மெத்தை இறக்கவும் வண்டியோடு வண்டியாகச் சுற்றிக்கொண்டிருப்பார். அண்ணி வாசலைப் பார்த்தபடி தையல் மிஷினில் உட்கார்ந்து, உறை தைத்து, வாடிக்கையாளரை எடைபோட்டு, யார் குப்புறப் படுப்பவர், யார் ஒருக்களித்துப் படுப்பவர் என்று கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கறாரான ஆள். வளவளவென்று பேசினால் பிடிக்காது. நாத்தனாரின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருப்பதை அவள் என்றைக்கோ கவனித்துவிட்டாள். ஆனால் கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயந்து, கேட்பதற்குப் பதிலாக வேலை கொடுத்தாள்.

"சும்மா உக்காந்திருக்காதே. கடை பேர்ல வாரத்துக்கு ஒரு மெயில் போடணுமாம். எல்லாரும் போடறாங்க. நீதான் பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதிக் கப்பு வாங்கினவளாச்சே, எழுது."

"என்ன எழுதறது அண்ணி?"

"தலையணையப் பத்தி எழுது. வேற எதைப் பத்தி எழுதுவே?"

அவள் வியாழக்கிழமை மூன்று மணியைத் தேர்ந்தெடுத்தாள். அந்த நேரத்தில் கை சும்மா இருந்தால் அவளுக்குத் தாங்காது. உயரத் தலையணையா, தட்டைத் தலையணையா என்று ஆரம்பித்தவள், இரண்டாவது வரியிலேயே வழி மாறிப்போனாள். உறவினர் வீட்டிலிருந்து காரில் திரும்பி வருவதைப் பற்றி எழுதினாள். பின் சீட்டில் நீங்கள், மடியில் யாருடைய சால்வையோ. கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. முன் சீட்டில் பெரியவர்கள் மெதுவாக, உங்களைப் பற்றி இல்லாத ஏதோ ஒன்றைப் பேசிக்கொண்டே போகிறார்கள். எழுத எழுத அவளுக்கே உடம்பு கனத்தது, கை தளர்ந்தது. இதோ வந்துவிடும், இன்னும் ஒரு வரியில் வந்துவிடும் என்று எழுதிக்கொண்டே போனாள். டிங் என்றது. கடிதத்தின் அடியில் 'கடைக்குச் செல்ல இங்கே அமுக்கவும்' என்று ஒரு பொத்தானை ஒட்டி அனுப்பிவிட்டாள்.

இப்படித்தான் வாரா வாரம். ஒரு வாரம் படகு, ஒரு வாரம் நூலகத்தின் கடைசி மேஜை, ஒரு வாரம் துணி காயும் மொட்டை மாடியின் நிழல். தன்னைத் தூங்கவைக்கத்தான் எழுதினாள், மறைப்பானேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவளுக்குத் தூக்கத்தின் வாசல்படி வரைக்குமாவது போக முடிந்தது. கதவு திறக்காது, ஆனாலும் வாசல்படி வாசல்படிதானே.

சந்தாதாரர்கள் சேர்ந்த விதம் தனிக் கதை. கடையின் ஒரு மூலையில் திரை போட்டு ஒரு கட்டில் இருந்தது. தலையணை வாங்க வருகிறவர் அதில் பத்து நிமிஷம் படுத்துப் பார்க்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தார்கள்: கடிதம் வேண்டுமென்றால் முகவரி எழுதுங்கள். முதலில் படுப்பதற்கு முன்னால் நோட்டை நீட்டினார்கள். அப்படி எழுதியவர்கள் ஏதோ மரியாதைக்கு எழுதிவிட்டு இரண்டாம் வாரமே விலகிப்போனார்கள். பிறகு அண்ணிதான் கண்டுபிடித்தாள், எழுந்த பிறகு நீட்டினால் ஆள் நிற்கிறார் என்று. அரைத் தூக்கத்தில், தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நிற்க, கன்னத்தில் உறையின் தையல் பதிந்திருக்க, கோணல்மாணலாக எழுதிவிட்டுப் போவார்கள். அந்தக் கையெழுத்தைப் படிக்க அவளால்தான் முடியும். அப்படிச் சேர்ந்தவர்கள் விலகவே இல்லை. பத்து மாதத்தில் அறுநூற்று நாற்பத்து மூன்று பேர்.

அண்ணிக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணி இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தாள். சின்னக் கடைகளுக்கான மின்னஞ்சல் வகுப்பு, ஆறு வாரம். டை கட்டிய ஒருவர் திரையில் தோன்றி, கைவிரல்களை எண்ணி எண்ணிப் பேசுவார். நாலாவது வாரம் முடிந்ததும் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க பாரு. அறுநூத்திச் சொச்சம் பேரு. எல்லாரும் மெயிலத் திறக்கறாங்க. ஒருத்தர் கூட அந்தப் பட்டன அமுக்கல. பத்து மாசமா ஒருத்தர் கூட. கதவத் தெறந்துட்டு வாசல்லயே நின்னா எப்படி?"

"படிக்கறாங்க இல்ல அண்ணி?"

"படிக்கறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? பதில் போட்டாங்களா? இந்த மாதிரி அசையாத ஆளுங்கள லிஸ்ட்ல வச்சிருந்தா, நம்ம மெயில் எல்லாமே குப்பைப் பெட்டில போய் விழுமாம். தொண்ணூறு நாள் அமுக்காதவங்களுக்கு ஒரே ஒரு கடுதாசி. இருக்கீங்களா, போறீங்களான்னு. பட்டன அமுக்கினா இருக்கலாம். இல்லாட்டி சனிக்கிழமை அதுவே தூக்கிடும்."

"எல்லாரும் போயிட்டா?"

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போயிட்டா, படிக்கறவங்களே இல்லன்னு அர்த்தம். அப்புறம் எதுக்கு நீ கஷ்டப்பட்டு எழுதணும்? வாசகரே இல்லாத கடுதாசி வேண்டாம். தள்ளுபடி, புது வரவுன்னு ரெண்டு வரி போட்டா போதும், நானே போட்டுக்கறேன்."

சொன்னவளுக்கு அது சாதாரணப் பேச்சு. கேட்டவளுக்கு வியாழக்கிழமை மூன்று மணி என்ற பள்ளத்தின் மேல் போட்டிருந்த ஒரே பலகையை யாரோ உருவப்போவதாகத் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டிருப்பாள், வேறென்ன.

அண்ணி ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருந்தாள்: 'இருக்கிறீர்களா இல்லையா? இருந்தால் அமுக்கவும்.' அதோடு விட்டிருந்தால் கதை இத்தோடு சுபம். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பத்து மாதமாகச் சால்வை போர்த்திவிட்டவர்களைச் சட்டையைப் பிடித்து உலுக்குவதா? நயமாகக் கேட்க வேண்டும், நம்மை விட்டுப் போகாதீர்கள் என்று உருக்கமாகக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து, தன் வாழ்நாளிலேயே சிறந்த கடிதத்தை எழுதினாள்.

'நீங்கள் ஒரு காத்திருப்பு அறையில் இருக்கிறீர்கள். பல் டாக்டருடையதாக இருக்கலாம், பாஸ்போர்ட் அலுவலகமாக இருக்கலாம். கையில் ஒரு சீட்டு, எண் தொண்ணூற்றேழு. உள்ளே இப்போதுதான் பன்னிரண்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிட் என்கிறது. வெளியே மழை, வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் ஸ்வெட்டர் பின்னுகிறார். அவருடைய எண் தொண்ணூற்றாறு. "நீங்க கண்ண மூடிக்கோங்க, நம்பர் வந்தா நான் எழுப்பறேன்" என்கிறார். பதின்மூன்று, என்று உள்ளே யாரோ சொல்கிறார்கள்...'

பதினான்கு, பதினைந்து என்று கடிதம் மெல்ல நடந்தது. ஊசிகள் ஒன்றோடொன்று உரசின. நூல்கண்டு நாற்காலிக்கு அடியில் உருண்டு போனது. ஐந்து பத்தி தாண்டி, அடியோ அடியில், 'தொண்ணூற்றேழு! இதோ உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கடிதம் தொடர்ந்து வர இந்தப் பொத்தானை அமுக்குங்கள்' என்று முடித்தாள். அடியில் இருந்த பொத்தானைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எப்போதும் அங்கேதானே இருக்கிறது?

அனுப்புவதற்கு முன் எப்போதும் போல அண்ணியிடம் காட்டினாள். அண்ணி வெட்டு மேஜையின் முன் உட்கார்ந்து படித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இவள் போய்ப் பார்த்தபோது அண்ணி கன்னத்தில் கை வைத்து அசையாமல் இருந்தாள். ரொம்ப யோசிக்கிறாள் போல என்று இவள் நினைத்துக்கொண்டாள். இருபது நிமிஷம் போனபின் அண்ணி தலையை நிமிர்த்தி, "நல்லா இருக்கு, அனுப்பிடு" என்றாள். அவள் கன்னத்தில் அளவு நாடாவின் எண்கள் பதிந்திருந்தன. இதைப் பார்த்தும் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தலையணைக் கடையில் கன்னத்தில் ஏதாவது பதிந்திருப்பது அதிசயமா என்ன?

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் தன்னைத்தானே துடைத்துக்கொண்டது. மிச்சம் இருபத்தொன்பது பேர். அந்த இருபத்தொன்பதில் ஒருவர் எதிர்வரிசையில் கொசுவலை விற்பவர், தொழில் வேவு பார்க்கச் சேர்ந்தவர். ஒருவன் அண்ணியின் தம்பி, அக்கா போன் போட்டு மிரட்டிய பிறகு தேடிப்பிடித்து அமுக்கியவன். மற்றவர்களில் எத்தனை பேர் போனின் மேல் கன்னம் பட்டு அமுக்கினார்களோ, அந்தக் கணக்கு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அண்ணிக்கும் வருத்தம்தான். ஆனால் வருத்தப்படும்போது அவள் குரல் இன்னும் கறாராகிவிடும். "பார்த்தியா? நான் சொன்னேன்ல. பத்து மாசமா நீ செவுத்துக்கிட்ட பேசிட்டிருந்திருக்கே. போகட்டும் விடு. இனிமே அந்த நேரத்துல மூட்டைய எண்ணி வை."

அவள் அழவில்லை. சரி என்றாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் பஞ்சு அறையில் நின்றாள். ஜன்னலிலிருந்து ஒரு பட்டை வெயில் விழுந்தது. அதற்குள் பஞ்சுத் தும்புகள், மேலே போவதா கீழே வருவதா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தன. கட்டில் இருந்த இடத்தில் பதினாறு மூட்டை. எண்ணினாள். பதினேழு வந்தது. மறுபடி எண்ணினாள். பதினைந்து. மூட்டைகளில் ஒன்று மூச்சு விடுவது போல உப்பி அடங்கியது, காற்றுதான். டிங். அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அறுநூற்றுப் பதினாலு பேரும் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன நாற்காலிகள் மனசுக்குள் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை பேருக்கும் தன் குரல் கேட்கவில்லை, அன்றைக்குத் தனக்கும் அம்மா தட்டியது கேட்கவில்லை, அதற்கும் இதற்கும் சரியாய்ப் போயிற்று என்று நினைத்தாள். நினைத்ததும் மூட்டை மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ரொட்டிக்காரர் வந்தார். இரண்டு தெரு தள்ளி அடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறவர். விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய் மதியம் திரும்புகிற மனிதர். புருவத்தில் மாவு, கண் இரண்டும் செக்கச்செவேல். வந்தவர் கல்லா மேஜையில் ஒரு அடி அடித்தார்.

"அக்கா, என் கடுதாசி எங்க?"

அண்ணி மிஷினை நிறுத்தினாள். "எந்தக் கடுதாசி?"

"வியாழக்கிழமைக் கடுதாசி! நேத்திக்கு நாலு மணிக்குப் படுத்துக்கிட்டுப் பார்க்கறேன், வரல. நாலேகாலுக்குப் பார்க்கறேன், வரல. அஞ்சு மணிக்கு எழுந்து உக்காந்து மோட்டுவளையப் பார்த்துட்டிருக்கேன். இன்னிக்குக் காலைல ரொட்டி நாலு தட்டு கருகிப் போச்சு. எனக்குப் பகல்ல தூங்கினாத்தான் உண்டு, தெரியுமா?"

"இருக்கணும்னா பட்டன அமுக்கச் சொல்லி மெயில் அனுப்பினோமே. நீங்க அமுக்கலியே."

"எந்தப் பட்டன்?"

"கடுதாசியோட கடைசில இருந்துச்சே."

ரொட்டிக்காரர் அண்ணியை வினோதமாகப் பார்த்தார். "கடைசியா? அந்தக் கடுதாசிக்குக் கடைசின்னு ஒண்ணு இருக்கா?"

அண்ணியின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது, அளவு நாடா பதிந்திருந்த இடத்துக்கு. பத்து மாதமாக ஒவ்வொரு கடிதத்தையும் சரிபார்த்து 'நல்லா இருக்கு' என்று சொன்னவள் அவள். ஒரு தடவையாவது பொத்தானைக் கண்ணால் பார்த்திருக்கிறாளா? காரையும் மழையையும் நினைவிருந்தது. படகின் கயிறு நினைவிருந்தது. நூலகத்தில் முதல் இரண்டு அலமாரி நினைவிருந்தது. அதற்கு மேல் ஒரே பஞ்சு.

"அடிப்பாவி" என்றாள் அண்ணி, நாத்தனாரைப் பார்த்து. "நீ எல்லாரையும் தூங்க வச்சிருக்கேடி."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரொட்டிக்காரர் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். அடித்த கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"எழுதறது நீங்கதானா?" என்றார், குரலைத் தணித்து. "நான் ஒரு கடுதாசிய ஒரு வாரம் வச்சுப் படிப்பேங்க. தினமும் ரெண்டு வரி கூடப் போவேன். புதன்கிழமை வரைக்கும் பாதிதான் தாண்டியிருக்கேன். ஒண்ணு கேக்கட்டுமா? எல்லாக் கடுதாசிலயும் யாராவது ஒருத்தர் முழிச்சிட்டிருக்காங்க. கார் ஓட்டறவரு, துடுப்புப் போடறவரு, நூலகத்துல விளக்க அணைக்காம உக்காந்திருக்கிற அம்மா, ஸ்வெட்டர் பின்னறவங்க. அவங்க முழிச்சிருக்காங்கங்கிற தைரியத்துலதான் நமக்குக் கண்ணு சொக்குது. வேணும்னே அப்படி எழுதறீங்களா?"

"இல்லையே" என்றாள் அவள். அவளுக்கே அது புதுச் செய்தி. மனசுக்குள் கடிதங்களைப் புரட்டிப் பார்த்தாள். ஆமாம். ஒன்றுகூட விடாமல், எல்லாவற்றிலும் ஒருவர்.

"அப்ப உங்களுக்கு யாரு முழிச்சிருக்கறது?" என்று கேட்டார் ரொட்டிக்காரர். பேச்சுவாக்கில் கேட்டதுதான், வேறு எண்ணம் இல்லை. கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். தையல் மிஷினுக்குப் பின்னால் அண்ணி குனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கோத்திருந்த ஊசியில் மறுபடியும்.

ரொட்டிக்காரரைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, எழுந்ததும் நோட்டை நீட்டினார்கள். சாயங்காலம் கண் டாக்டரம்மா வந்தார், தன் கண்ணே சிவந்து. சனிக்கிழமை தபால் கொடுக்கிற பெண் வந்து, ஊருக்கெல்லாம் கடிதம் கொடுக்கிற எனக்கு என் கடிதம் வரவில்லையே என்று சண்டை பிடித்தாள். அண்ணி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினாள்: 'கடிதம் வராதவர்கள் உள்ளே வரவும்.' பட்டியலிலிருந்து நீக்கியவர்களை நாமே திரும்பச் சேர்க்கக் கூடாது, அவர்களாக வந்து எழுத வேண்டும், அதுதான் முறை என்று டை கட்டியவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சை அண்ணி தட்டவில்லை. புதன்கிழமைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து எழுதினார்கள். அவர்களில் பத்தொன்பது பேர் புதியவர்கள், வரிசையைப் பார்த்து என்னவென்று கேட்டு நின்றவர்கள். பொத்தானை இனிமேல் உச்சியில் வைப்பது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை வந்தது. வெயில் கொளுத்தி, தெருவில் ஒரு சைக்கிள் கூடப் போகாத நேரம். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இந்த வாரம் ரயில் என்று யோசித்திருந்தாள். 'நீங்கள் மேல் படுக்கையில் இருக்கிறீர்கள்' என்று ஆரம்பித்து, யார் முழித்திருப்பது என்பதில் வந்து நின்றாள். இதுவரை தானாக வந்து உட்கார்ந்தவர், தெரிந்த பிறகு வர மாட்டேன் என்கிறார். விரல் நகரவில்லை.

அண்ணி வந்து கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

"எழுந்திரு."

"அண்ணி, மூணு ஆகப் போகுது..."

"தெரியும். போய்ப் படு. அந்தக் கட்டில்ல."

"எனக்கு வராது அண்ணி." முதல் தடவையாக வெளியே சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாமே வந்துவிட்டது. "கண்ண மூடினா அம்மா தட்டற சத்தம் கேக்குது. அன்னிக்கு நான் தூங்கிட்டேன் அண்ணி. தட்டினாங்களான்னே எனக்குத் தெரியல. இப்பவும் தூங்கிட்டா..."

அண்ணிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. நாத்தனாரின் தோளைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போனாள். தலையணையைத் தட்டி, ஒருக்களித்துப் படுக்கிற கழுத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு பஞ்சை உள்ளே ஒதுக்கிக் கொடுத்தாள். பிறகு பஞ்சு அறைக்குப் போய் ஏதோ உருட்டினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. எங்கே வைத்திருந்தாளோ, இத்தனை நாளாக. மிஷின் மேஜையில், தன் வலது கைப் பக்கம் வைத்தாள்.

"இது இங்க இருக்கு. நான் இங்க இருக்கேன். யாரு கூப்பிட்டாலும் இனிமே நான் எழுந்து போறேன். நீ படு."

மிஷின் ஓடத் தொடங்கியது. கொஞ்சம் ஓடும், நிற்கும், துணி திரும்பும், மறுபடி ஓடும். திரையின் துணி வழியாக அண்ணியின் நிழல் பெரிதாகத் தெரிந்தது, ஒரு கரையைப் போல. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கார் ஓட்டியவரும் அதுதான், துடுப்புப் போட்டவரும் அதுதான். தெரு முனையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஒரு பஞ்சுத் தும்பு இறங்கி வந்து அவள் இமையில் உட்கார்ந்தது. தட்டிவிட நினைத்தாள், கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பதின்மூன்று, என்று யாரோ சொன்னார்கள். பதினான்கு.

பிறகு நடந்தது அவளுக்கு அப்போது தெரியாது. நாலு மணி அடித்தது, கடிதம் போயாக வேண்டும். அண்ணி மிஷினை விட்டு எழுந்தால் சத்தம் நின்றுவிடும், சத்தம் நின்றால் இவள் விழித்துவிடுவாள். ஒரு காலால் மிதித்து வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டே, கீபோர்டை மடிக்கு இழுத்து, இரண்டு விரலால் தன் முதல் கடிதத்தை எழுதினாள்.

'இன்று கடிதம் இல்லை. எழுதுகிறவள் தூங்குகிறாள். பதினொரு மாதத்தில் முதல் தடவை. யாரும் சத்தம் போட வேண்டாம். அவளுக்காகக் கொஞ்ச நேரம் முழித்திருக்க முடிகிறவர்கள் மட்டும் இதை அமுக்கவும்.'

பொத்தானை உச்சியில் வைத்தாள். அதன் மேல் 'முழிச்சிருக்கேன்' என்று எழுதினாள்.

நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு முதல் ஆள் அமுக்கினார். நாலேகாலுக்குத் தொண்ணூறு பேர். ஐந்து மணிக்கு இருநூற்று நாலு. டை கட்டியவர் பார்த்தால் மூர்ச்சை போட்டிருப்பார். ஆனால் அண்ணி அவரை நினைக்கவே இல்லை. காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தாள். பகல் தூக்கம் இல்லாமல் பிழைப்பே நடக்காத ரொட்டிக்காரர் மூன்றாவது ஆளாக அமுக்கியிருந்தார்.

அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். கண் விழித்தபோது திரையின் மேல் வெயில் மஞ்சளாகி மேலே ஏறியிருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வயதில், எந்த வீட்டில் படுத்திருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. கன்னத்தில் உறையின் தையல் பதிந்து லேசாக எரிந்தது. அப்புறம் எல்லாம் நினைவு வந்தது.

"அண்ணி" என்றாள், எழுந்திருக்காமல். "யாராவது கூப்பிட்டாங்களா?"

மிஷின் நின்றது. திரையில் நிழல் திரும்பியது.

"கூப்பிட்டாங்க" என்றாள் அண்ணி. "நான் போய்ப் பார்த்துக்கிட்டேன். நீ தூங்கு."